நடுவழியில் நின்ற பயணிகளுக்குப் பழைய நீராவி இன்ஜின் உதவுமா?

கேள்வி, மார்ச் 2 (மலேசியா, தைப்பிங் வாசகர் ஒருவர்):
இங்கிலாந்தில் பனி கொட்டி மின்சார ரயில் எல்லாம் நின்றபோது, அருங்காட்சியகத்தில் கிடந்த நீராவி இன்ஜினை வெளியே எடுத்து, நின்ற ரயில்களை இழுத்துக்கொண்டு போனார்களாம். உண்மையா? உண்மை என்றால் நம் நாட்டில் காட்சிக்கு நிற்கும் பழைய இன்ஜின்களையும் அப்படித் தயாராக வைத்துக்கொண்டால் என்ன?

மார்ச் 2, இரவு 9.40

பாதி உண்மை. மீதி, கை மாறி வரும்போது சேர்ந்தது.

நடந்தது 2009 டிசம்பர் 21-ம் தேதி, லண்டன் விக்டோரியா ஸ்டேசனில். தென்கிழக்கு இங்கிலாந்து முழுக்கப் பனி. கென்ட் பக்கம் வீட்டுக்குப் போக வந்தவர்கள் ரயில் இல்லாமல் நின்றார்கள். அதே ஸ்டேசனில் ஓர் உல்லாசப் பயண ரயில் இருந்தது. அதை இழுத்தது 'டொர்னாடோ' என்ற நீராவி இன்ஜின். பெட்டிகளில் இடம் இருந்ததால் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ஏறக்குறைய நூறு பேர் காசில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆக, நின்ற ரயில் எதையும் அது இழுக்கவில்லை. தன் பெட்டியில் ஆளை ஏற்றிக்கொண்டது, அவ்வளவுதான். அருங்காட்சியகத்து இன்ஜினும் இல்லை. 2008-ல் கட்டி முடித்த இன்ஜின் அது.

மார்ச் 2, இரவு 10.20

2008-ல் யார் நீராவி இன்ஜின் கட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டினார்கள். அந்த வகை இன்ஜின் மொத்தம் 49 இருந்தது. 1966-க்குள் ஒன்றுவிடாமல் உடைத்து இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். 1990-ல் சிலர் கூடி, ஐம்பதாவதை நாமே கட்டுவோம் என்று ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு ஒரு கோப்பை பீர் விலை கொடுத்தால் போதும் என்று பொதுமக்களிடம் சேர்த்தார்கள். டார்லிங்டன் என்ற ஊரில் வேலை நடந்தது. பாய்லர் மட்டும் ஜெர்மனியில் மைனிங்கன் பணிமனையில் செய்து வந்தது. முப்பது லட்சம் பவுண்டு செலவு, பதினெட்டு வருடம்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு லயத்து வீடுகளில் மாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று சேர்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஏழு வருடம் ஆனது. அதனால் அந்தப் பதினெட்டு வருடத்தின் கனம் எனக்குப் புரிகிறது.

மார்ச் 3, காலை 5.50

ஷிஃப்டுக்குப் போகும் முன் ஒன்று. பனி விழுந்தால் மின்சார ரயில் ஏன் நிற்க வேண்டும்? அங்கே தெற்குப் பகுதியில் மின்சாரம் தலைக்கு மேல் கம்பியில் வருவதில்லை. ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் தரையோடு கிடக்கும், 750 வோல்ட். ரயிலின் அடியில் இருக்கும் ஒரு கால் அதன் முதுகில் உரசிக்கொண்டே வரும். முதுகில் பனிக்கட்டி படிந்தால் அந்தக் கால் இரும்பைத் தொடாது. மின்சாரம் இருந்தும் ரயிலுக்கு ஏறாது.

நம் பக்கம் பனி இல்லை. ஆனால் நம் ரயிலும் கம்பியை நம்பித்தான் ஓடுகிறது. தலைக்கு மேல், 25,000 வோல்ட். மரம் சாய்ந்தால் போதும்.

மார்ச் 3, இரவு 11.05

மரம் சாய்ந்தால் போதும் என்று காலையில் எழுதிவிட்டுப் போனேன். நாள் முழுக்க அதே நினைவு. சொல்லிவிடுகிறேன்.

போன நவம்பரில் கோலாலம்பூரில் மகள் வீட்டிலிருந்து சிலிம் ரிவருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாயங்கால ரயில். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் வானம் கறுத்தது. பேராங் வருவதற்குள் ஒரு குலுக்கல். விளக்கு மங்கியது, ஏர்கோன் சத்தம் நின்றது. ரயில் தானே உருண்டு, மெதுவாகி, நின்றுவிட்டது. முன்னால் எங்கோ கம்பியில் மரம் விழுந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் கால் மணி நேரம் யாரும் கவலைப்படவில்லை. அப்புறம் பெட்டி சூடேறியது. இந்தப் புது ரயில்களின் ஜன்னல் திறக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த மழைக் காற்று, இந்தப் பக்கம் அறுபது பேர் விட்ட மூச்சு. எதிர்ச் சீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா நாசி லெமாக் மடித்து வந்த தாளைப் பிரித்து, பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு தமிழ்ப் பிள்ளைத்தாய்ச்சிக்கு விசிறிக்கொண்டே வந்தார். தாள் நைந்து கையோடு வந்ததும் இன்னொரு தாள் எடுத்தார். அறிவிப்பு ஒன்றும் வரவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஜன்னல் வழியாகத் தூரத்தில் செம்பனைக் காட்டுக்கு மேலே மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. பக்கத்துத் தோட்டத்து எண்ணெய் ஆலை. சடக்கோரம், கம்பம், வீடு எல்லாம் இருட்டு. ஆலை மட்டும் எரிந்தது, புகைபோக்கியில் வெள்ளைப் புகையோடு. நான் பார்க்கும் வேலையும் அதுதான். முப்பத்தொரு வருடமாகப் பாய்லர். செம்பனை நாரையும் ஓட்டையும் எரித்து, தண்ணீரைக் காய்ச்சி, டர்பைன் ஓட்டி, நமக்கு வேண்டிய கரண்டை நாமே எடுத்துக்கொள்கிறோம். ஊர் கரண்டு போனாலும் ஆலைக்குப் போகாது.

நீராவி இன்ஜினும் அதே மாதிரிதான். அடுப்பும் தண்ணீரும் கூடவே வரும். யாரும் வெளியிலிருந்து அதற்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. அன்றைக்கு ரயிலில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் நினைத்தேன்.

மார்ச் 5, இரவு 8.30

"அப்படியென்றால் ஒவ்வொரு பெரிய ஸ்டேசனிலும் ஒரு நீராவி இன்ஜின் வைத்துவிடலாமே" என்று ஒருவர். ஆசை நல்லது. ஆனால் பாய்லர்காரன் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குளிர்ந்து கிடக்கும் பாய்லர் யாருக்கும் உதவாது. பெரிய ரயில் இன்ஜினை ஆறிப்போன நிலையிலிருந்து ஓடும் நிலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். முதல் நாளே சின்னதாக நெருப்பு வைத்து, இரவெல்லாம் ஒருவர் காவல் இருப்பதுதான் வழக்கம். அவசரப்படுத்தினால் நெருப்புப் பெட்டிப் பக்கம் இரும்பு விரியும், தூரத்துப் பக்கம் விரியாது. இழுபறியில் குழாய் மூட்டுகள் ஒழுக ஆரம்பிக்கும். எங்கள் ஆலையில் வருடாந்தரச் சுத்தம் முடிந்து திரும்ப மூட்டும்போது, புதுப் பையன்கள் காற்றாடியைக் கூட்டிவிடப் பார்ப்பார்கள். கையைப் பிடித்து நிறுத்துவேன். கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் முதலில் லேசாக நடுங்கும். அப்புறம் மெல்ல ஏறும். பாய்லர் விழித்துக்கொண்டது என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அந்த நடுக்கம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

விக்டோரியாவில் நடந்ததும் அதனால்தான் நடந்தது. டொர்னாடோ அன்றைக்கு ஏற்கனவே மூட்டி, கொதித்து, புறப்பட நின்றது. யாரோ அவசரத்துக்கு எழுப்பி வந்த இன்ஜின் இல்லை. அதே இன்ஜின் அன்று கொட்டகையில் ஆறிக் கிடந்திருந்தால், அந்த நூறு பேருக்கும் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தண்ணீரும் வேண்டும். டொர்னாடோவின் டெண்டரில், அதாவது இன்ஜினுக்குப் பின்னால் தண்ணீரும் கரியும் சுமந்து வரும் வண்டியில், 6,200 கேலன், ஏறக்குறைய 28,000 லிட்டர் பிடிக்கும், நிலக்கரி ஏழரை டன். பழைய காலத்தில் ஸ்டேசனுக்கு ஸ்டேசன் தண்ணீர்த் தூண் இருந்தது. அதெல்லாம் எடுத்தாயிற்று என்றுதான் இதன் டெண்டரில் பழையவற்றைவிடத் தண்ணீர் அதிகமாகவும் கரி குறைவாகவும் வைத்துக் கட்டினார்கள்.

மார்ச் 6, காலை 6.00

மூன்றாம் தேதிக் குறிப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது நியாயமில்லை. அன்றைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனது ஒரு டீசல் இன்ஜின். இருட்டில் வந்து, மாட்டி, மெதுவாக இழுத்துப் போய் ஸ்டேசனில் விட்டது. டீசலும் தன் எரிபொருளைத் தானே சுமக்கிறது. சில நிமிடத்தில் கிளம்பும். கம்பி செத்த நேரத்தில் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம் நீராவி எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கே அந்தக் கேள்வி இருக்கிறது. யோசித்து எழுதுகிறேன்.

மார்ச் 8, மாலை 4.15

ஞாபகம் வந்தது, அப்பா சொன்ன வெள்ளக் கதை.

அப்பா மலாயா ரயில்வேயில் ஃபயர்மேன், இன்ஜினின் அடுப்பைக் கவனிக்கும் ஆள். டீசல் இன்ஜின்கள் 1957 வாக்கில்தான் இங்கே பெரிய ரயில்களுக்கு வர ஆரம்பித்தன. நீராவியும் டீசலும் கலந்து ஓடிய அந்தக் காலத்தில், ஒரு மழைக்காலம், கிழக்குப் பாதையில் மெந்தகாப் பக்கம் தண்ணீர் தண்டவாளத்துக்கு மேல் ஏறிவிட்டது. நடுவில் மேடான ஒரு சின்ன ஸ்டேசனில் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். டீசலை அனுப்ப முடியாது. டீசல் இன்ஜினில் சக்கரங்களை ஓட்டும் மின் மோட்டார் அச்சோடு அச்சாகத் தாழத் தொங்கும். தண்டவாளத்துக்கு மேல் சில அங்குலம் தண்ணீர் வந்தாலே மோட்டாரில் புகுந்துவிடும். நீராவி இன்ஜினில் கீழே இருப்பது சக்கரமும் தண்டும் மட்டும்தான். நனைந்தால் என்ன? தண்ணீர் அடுப்பைத் தொடாதவரை அது போகும்.

அதனால் ஒரு பழைய நீராவி இன்ஜினைக் கொண்டுவந்தார்களாம். பின்னால் பயணிகள் பெட்டி. நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்தது. முன்னால் ஒரு கேங் ஆள், தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் ஒருவன், இடுப்பளவு தண்ணீரில் மூங்கில் கழியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தான். கழி 'டக்' என்று கட்டையில் இடித்தால் கையைத் தூக்குவான், இன்ஜின் ஒரு முழம் வரும். கழி சொத்தென்று உள்ளே இறங்கினால் அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது என்று அர்த்தம். அப்பா ஒவ்வொரு முறையும் இந்த 'டக்'கை மேசையில் விரல் மடக்கித் தட்டிக் காட்டுவார்.

நீராவி எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இது. கம்பி செத்தால் டீசல் போதும். டீசலும் போக முடியாத இடம் ஒன்று இருந்தது, அங்கே இது போனது.

மார்ச் 8, இரவு 9.00

"2014 வெள்ளத்தில் இப்படி ஓர் இன்ஜின் இருந்திருந்தால்?" என்று குவாலக்கிராய்க்காரர் கேட்கிறார். ஐயா, உங்கள் ஊர் பட்ட பாடு தெரியும். ஆனால் அந்த டிசம்பரில் கெமுபு ரயில் பாலத்தையே ஆறு கொண்டுபோனது. பாலம் இல்லாத இடத்தில் எந்த இன்ஜினும் போகாது. பாலத்தைத் திரும்பக் கட்டும்வரை அந்தப் பக்கத்து மக்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குப் பாதையில் பல கிராமங்களுக்கு ரயில்தான் சடக்கு.

மார்ச் 9, காலை 6.10

நேற்று எழுதியதில் ஒரு பிழை. "இடுப்பளவு தண்ணீர்" இருக்க முடியாது. அவ்வளவு தண்ணீரில் இன்ஜினின் சாம்பல் தட்டு நனைந்திருக்கும். முழங்காலளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை கேட்ட வயதில் எனக்கு அது இடுப்பளவாகப் பதிந்திருக்கிறது.

மார்ச் 12, இரவு 10.00

நீராவி இன்ஜின் வேறு ரயிலுக்குக் கைகொடுத்த வேறு சம்பவம் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. அமெரிக்காவில் யூனியன் பசிபிக்கின் 'பிக் பாய்' 4014, 1941-ல் கட்டியது, பல வருடம் காட்சிக்கு நின்று, 2019-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. 2023 ஜூனில் நெப்ராஸ்காவில் பிளேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஏற்றத்தில் மாட்டி நின்ற சரக்கு ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது. இங்கேதான் உங்கள் முதல் கேள்வியில் வந்த மாதிரி, நின்ற ரயிலையே நகர்த்தியது. அதுவும் அந்த வழியாக ஏற்கனவே கொதித்து ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் என்பதைக் கவனியுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரலில் டொர்னாடோவே, சிலிண்டருக்கு நீராவியை அளந்து விடும் உள்பக்க வால்வு கியர் உடைந்து, சாண்டி என்ற ஊர்ப் பக்கம் நடுவழியில் நின்றது. அன்றைக்கு மாட்டிக்கொண்டது அதன் பயணிகள்.

மார்ச் 15, பசியாறிவிட்டு

நம் ஊரில் நீராவி இன்ஜின் வந்து மின்சார ரயிலை மாட்டி இழுக்க முடியுமா? மாட்டும் கொக்கி வேறு. பிரேக்கும் வேறு. அந்தக் கால மலாயா இன்ஜின்கள் வெற்றிடப் பிரேக்கில் ஓடியவை. இன்றைய ரயில்கள் காற்றழுத்தப் பிரேக். பிரேக் குழாய் சேராமல் பயணிகள் ரயிலை இழுக்க எந்தப் பொறுப்புள்ள ஆளும் ஒத்துக்கொள்ள மாட்டார். டொர்னாடோவைக் கட்டும்போதே காற்றுப் பிரேக்கைச் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

ஆனால் இந்த இரண்டு வாரமாக எழுத எழுத எனக்கு ஒன்று தோன்றுகிறது. இன்ஜினைப் பற்றியே பேசுகிறோம், பெட்டியை மறந்துவிட்டோம். விக்டோரியாவில் மக்கள் ஏறியது பெட்டியில். அங்கே குளிர். இங்கே நமக்கு எதிரி புழுக்கம். பழைய பெட்டிகளில் ஜன்னலைத் தூக்கலாம், கதவைத் திறந்து வைக்கலாம். அன்றைக்குப் பேராங் பக்கம் எனக்கு நீராவி இன்ஜின் வந்திருக்க வேண்டாம். திறக்கிற ஜன்னல் ஒன்று இருந்திருந்தால் அந்த அம்மா இரண்டு தாளைக் கிழித்திருக்க மாட்டார்.

மார்ச் 16, இரவு 9.30

தைப்பிங் வாசகர் தன் பழைய கேள்வியை விடவில்லை: காட்சிக்கு நிற்பவற்றை எழுப்ப முடியுமா?

ஜொகூர் பாருவில் 'தெமர்லோ' என்ற 564.36 எண் நீராவி இன்ஜின் நிற்கிறது. 56-ம் வகுப்பு, நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டியது. ஒவ்வொன்றுக்கும் நம் நாட்டு ஊர்ப் பெயர் வைத்தார்கள். டொர்னாடோவுக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு: இரண்டுக்கும் மூன்று சிலிண்டர், முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு சக்கரம். அது ஸ்டாண்டர்ட் பாதை, இது அதைவிடக் குறுகிய நம் மீட்டர் பாதை. தேசிய அருங்காட்சியக வளாகத்திலும் ஒரு நீராவி இன்ஜின் நிற்கிறது. பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். ஆனால் எங்கள் ஆலைப் பாய்லருக்குப் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, சர்டிபிகேட் கொடுத்தால்தான் நெருப்பு வைக்க முடியும். பல வருடம் மழையில் நின்ற பாய்லருக்கு என்ன சொல்வார்? குழாய் எல்லாம் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அது முடிந்தாலும் ஓட்டத் தெரிந்தவர் வேண்டும்.

சபாவில் ஓரளவு செய்து காட்டினார்கள். 1954-ல் வல்கன் ஃபவுண்டரி கட்டிய இன்ஜினை வைத்து, 2000-ல் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பாருக்குச் சுற்றுலா ரயில் விட்டார்கள். எரித்தது அலையாத்தி மர விறகு. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நீராவி இன்ஜினைப் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள். அதனால் இங்கே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஓடுகிற இன்ஜினாக வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறையாவது மூட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். எங்கள் ஆலையில் பாய்லர் சர்டிபிகேட் எடுக்கப் படிக்கும் பையன்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அப்படி ஓர் இன்ஜின் எங்காவது மூட்டப்பட்டால், சம்பளம் வாங்காமல் முதல் இரவு காவல் இருக்க நான் போவேன். அவர்களையும் கூட்டிக்கொண்டு போவேன்.

மார்ச் 22, இரவு 8.45

இன்றைக்கு சுங்கை சிப்புட்டில் அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவின் தங்கை, எண்பத்திரண்டு வயது, ஞாபகம் கத்தி மாதிரி. மார்ச் 8-ல் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

பயணிகள் பெட்டி எல்லாம் இல்லை, ஜல்லி ஏற்றும் திறந்த வேகன்தான் என்றார். அதில் பலகை போட்டு, கிழவிகளையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, மேலே கோணிச் சாக்கைப் போர்த்திக் கொண்டுவந்தார்களாம். அத்தைக்கு அப்போது பதினெட்டு வயது. ரயில்வே லயத்திலிருந்து எல்லாரும் கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்களாம்.

"இன்ஜினில் அப்பா எந்தப் பக்கம் நின்றார்?" என்று கேட்டேன்.

"உங்கப்பன் எங்கடா இன்ஜினில இருந்தான்? அப்ப அவன் கேங்லதானே வேலை. ஃபயர்மேன் ஆனது அதுக்கப்புறம். தண்ணிக்குள்ள கழி வச்சுக் குத்திக்கிட்டு வந்தது யாருன்னு நினைச்ச?"

மார்ச் 8 குறிப்பில் "ஒரு கேங் ஆள்" என்று எழுதியிருக்கிறேன். அந்த இடத்தைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.